என் உலைக்கு மேல் தொங்கிய விளக்கு

சுரங்கப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ரெண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒருவர் தான் அடித்த பேனாக்கத்தியைக் காட்டினார். நல்ல கத்தி. பிடி கொஞ்சம் பருமன், பரவாயில்லை. "வெளயாட்டா ஆரம்பிச்சேன், இப்ப இதுவே வேலையாயிடுச்சி, ஒங்கள மாதிரியே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நீங்கள் போன பிறகுதான், அப்படிச் சிரித்து அனுப்பியிருக்கக் கூடாது என்று பட்டது. என்னை மாதிரியே என்றால் என்ன என்று யாராவது உங்களிடம் சொல்ல வேண்டாமா? கம்பிக்கு எப்படிக் கூர் வைப்பது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் மேஸ்திரி சொல்லுவார். அவர் சொல்கிறபடி செய்யுங்கள். நான் எழுதுவது என் உலைக்கு மேல் ஒரு விளக்கு தொங்கிய ஒரே ஒரு நாளைப் பற்றி.

நான் தையல்காரன். தங்கச் சுரங்கத்து ஊரான ஆண்டர்சன்பேட்டையில், கடைத்தெருவில் ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வட ஆற்காட்டிலிருந்து என்னோடு வந்தவர்கள் எல்லாரும் சுரங்கத்தில் இறங்கினார்கள். நான் மட்டும் ஊசியும் நூலுமாக மேலேயே இருந்துகொண்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பயம்தான். கேஜ் என்கிற அந்தக் கூண்டு ஆளை ஏற்றிக்கொண்டு சாப்ட்டு என்கிற கிணற்றுக்குள் இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தாலே நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இரும்பு என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு கத்தரிக்கோலால். சாணை பிடிக்க வந்தவன் அதன் வாயைக் கெடுத்துவிட்டுப் போனான். கோபத்தில் நானே சரிசெய்ய உட்கார்ந்தேன். அந்த ஒரு மத்தியானத்தில் கிடைத்த சந்தோஷம் பத்து வருஷத் தையலில் கிடைக்கவில்லை. சந்தைக்குப் பின்னால் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டும் கொல்லர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய உலை சும்மா கிடக்கும், எனக்கு விட்டுக்கொடுத்தார். சுரங்கத்தில் தேய்ந்து கழித்துப் போட்ட கம்பித் துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்து கத்தி அடிப்பேன். முதல் வருஷத்துக் கத்திகளைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒன்று வெண்டைக்காயிடமே தோற்றது. மற்றவை கீழே விழுந்தாலே ரெண்டாக உடைந்தன. என் வீட்டுக்காரி கௌரி, பொறி விழுந்து ஓட்டையான என் வேட்டிகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, "ஊருக்கே துணி தெக்கிறவரு, ஊட்ல பொண்டாட்டி ஒட்டுப் போட்டுக்கினு கீறா" என்பாள்.

என் கத்தியை முதலில் மெச்சியவன் சவுரி. ஊரிகத்தில் சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் இருந்தான், பாறையில் துளை போடுகிறவன். கூட்டாளி சம்மட்டி அடிக்க, மண்டி போட்டுக் கம்பி பிடிப்பதே வேலை என்பதால் அவன் கால்சட்டை மாதத்துக்கு ஒரு தடவை முட்டியில் கிழியும். கிழிசலோடு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். அப்படிப் பழகிப் பழகி ரெண்டு வீடும் ஒன்றாயிற்று. அவன் வீட்டுக்காரி ஞானம்மாவுக்கு ஒரு அரிவாள்மணை செய்துகொடுத்தேன். அது நன்றாக அமைந்தது. லைன் பூராவும் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள்.

நான் செய்த மீன் கத்தி ஒன்றைச் சவுரி என்னிடம் சொல்லாமலே எடுத்துப்போய்ச் சுரங்கப் பட்டறை மேஸ்திரியிடம் காட்டிவிட்டான். மேஸ்திரி அதைக் கதவிடுக்கில் செருகி வளைத்துப் பார்த்தாராம். விட்டதும் நேராக நிமிர்ந்ததாம். "இத்த அடிச்சவன் இன்னாத்துக்குத் துணி தெச்சிக்கினு குந்திக்கினு கீறான்?" என்று கேட்டாராம். மேஸ்திரி என்னைவிட நாலு வயது சின்னவர். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைப் போலவே தமிழ்.

பட்டறையில் எனக்கு ஒரு உலை கிடைத்தது. மழுங்கிய ஜம்பர்கள், அதாவது பாறையைத் துளைக்கும் கம்பிகள், கீழேயிருந்து வரும். நாங்கள் சுட்டு, முனை அடித்து, பதம் வைத்துத் திருப்பி அனுப்புவோம். முப்பத்துமூன்று வயதில், பிடித்த வேலையே பிழைப்பாகிவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கௌரி ரெண்டே ரெண்டு சொன்னாள். "மெஷின விக்காத, நான் தெக்கிறேன். நீ இன்னா வேணா பண்ணு, கீழ மட்டும் எறங்காத." சத்தியம் செய்துகொடுத்தேன். அது எனக்குக் கஷ்டமான சத்தியமே இல்லை.

மூன்று மாதத்தில் என் ஜம்பர்களுக்குப் பேர் வந்துவிட்டது. யார் கூர் வைத்தது என்று தெரிவதற்கு அவரவர் கம்பியின் வால்பக்கம் அவரவர் குறி இருக்கும். மேஸ்திரிக்கு ஒரு வெட்டு, எனக்கு ரெண்டு வெட்டு. கீழே போகிறவர்கள் ரெண்டு வெட்டாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். பொறுக்கியதை மறு ஷிப்டுக்காரன் எடுத்துவிடக் கூடாதென்று சாக்குக்கு அடியிலும் கல்லிடுக்கிலும் ஒளித்து வைப்பார்களாம். "டைலர் கம்பி" என்று பேர். இதெல்லாம் காதில் விழ விழ நான் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன்.

காவிரியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்தது அப்போதுதான். பங்களாக்களில் விளக்கு, கல் அரைக்கும் மில்லில் விளக்கு. எங்கள் பட்டறை மட்டும் உச்சிவெயிலிலும் சமையலறை மாதிரி இருட்டாகக் கிடக்கும். ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டியிருந்தார்கள். தையல்காரனுக்கு இதைவிடப் பெரிய எரிச்சல் உண்டா? ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்காருவது என் உடம்போடு ஊறிய பழக்கம். சாக்கு எதற்கென்று மேஸ்திரியைக் கேட்டேன். "எனுக்கு முன்ன இருந்தவரு கட்டினாரு, நானும் கட்டறேன்" என்றார். அவருக்கே காரணம் தெரியாது. காரணம் தெரியாத ஒன்றை அவர் விடாமல் செய்துவந்தார், நான் அதைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். யார் புத்திசாலி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுரங்கத்தை நடத்தும் காப்டன் துரைக்கு முன்பு நான் கால்சட்டை தைத்திருக்கிறேன். அந்த உரிமையில் நேரே போய் விளக்குக் கேட்டேன். கிடைத்தது. மேஸ்திரி தன் உலைக்கு வேண்டாமென்றார். "எனுக்கு இருட்டு பழகிடுச்சிப்பா." ஆக என் உலைக்கு மேல் மட்டும் ஒரு விளக்கு தொங்கியது.

அன்று காலை செய்த வேலையை இப்போதும் மறக்க முடியாது. ஒவ்வொரு முனையையும் பளிச்சென்று பார்த்துப் பார்த்து அடித்தேன். இரும்பு சிவக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கிற மாதிரி இருந்தது. சரி, கரி மட்டமாக இருக்கும் என்று நினைத்து, என் கண்ணுக்குப் பழகிய சிவப்பு வருகிறவரைக்கும் நெருப்பிலேயே விட்டுவைத்து எடுத்தேன். இருபத்துநாலு ஜம்பர். அவ்வளவு அழகாக நான் அதுவரை செய்ததில்லை. எட்டு மணிக் கேஜில் கீழே போயின.

பதினோரு மணி இருக்கும். சவுரிக்குக் கண்ணில் அடி, மேலே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். போட்டது போட்டபடி ஓடினேன். சாப்ட்டு வாயில் ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்திருந்தார்கள். டோலி வரவேண்டும். இடது கண்ணைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தான், துண்டு நனைந்திருந்தது. மடியில் ஒரு ஜம்பர், முனையில்லாமல்.

"இத்தப் பாரு டைலரே. நல்லாத்தான் எறங்கிச்சி. திடீர்னு மொனை ஒடஞ்சி மூஞ்சிக்கு வந்துச்சி. இன்னா இது?"

வாங்கிப் பார்த்தேன். வால்பக்கம் ரெண்டு வெட்டு. நல்ல பதத்தில் இருக்கிற இரும்பு உடைந்தால், உடைந்த இடம் சலித்த சாம்பல் மாதிரி நைசாக இருக்கும். இது கல் உப்பு மாதிரி பரல் பரலாக மின்னியது. அளவுக்கு மீறிச் சுட்டால்தான் இப்படி வரும். என் முதல் வருஷத்துக் கத்திகள் எல்லாம் இப்படி உடைந்தவைதான், எனக்கு இது தெரியாததல்ல. அந்த நொடியில் விளக்கு ஞாபகம் வந்தது. பகல் வெளிச்சம் பட்டால் அடுப்பு நெருப்பு மங்கித் தெரிகிறதில்லையா, அவ்வளவுதான் விஷயம். இருட்டில் பார்த்துப் பழகிய சிவப்பை நான் விளக்கு வெளிச்சத்தில் தேடியிருக்கிறேன். அது தெரிகிறவரைக்கும் இரும்பைப் பாழாகச் சுட்டிருக்கிறேன். சாக்கு கட்டியது அதற்குத்தான்.

சவுரியின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "நான்தான் சவுரி. என் தப்புதான். நான்தான் ஒன் கண்ண..." என்று குழறினேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அழுவறத அப்பறம் வெச்சிக்கோ. இத்த மாதிரி இன்னும் எத்தினி கீழ கீது?"

தம்பிகளே, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வேலை போயிற்று, பேர் போயிற்று, ஞானம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எல்லாமே என்னைப் பற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தவன் கீழே இருக்கிறவர்களை நினைத்தான். தப்புச் செய்தவனுக்குத் தன் தப்பைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போகும். அது ரொம்ப நல்ல மனசு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும், ஏமாந்துவிடாதீர்கள்.

மேஸ்திரியிடம் ஓடினேன். உடைந்த முனையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். ரெண்டு பேருமாகக் காப்டனிடம் போனோம். ரெண்டு வெட்டுப் போட்ட கம்பி எல்லாம் மேலே வரவேண்டும் என்று அவர் உடனே ஆள் அனுப்பினார். முந்தின நாள் கம்பிகள் மழுங்கி மேலே வந்துவிட்டிருந்தன; அன்றைய இருபத்துநாலில் உடைந்தது போக இருபத்துமூன்று வரவேண்டும். ஆறுதான் வந்தது. மற்றவர்கள், எங்களிடம் டைலர் கம்பி இல்லவே இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். ஒளித்து வைத்த நல்ல கம்பியை யார் கொடுப்பார்கள்?

"நீங்க போயி சொல்லுங்க மேஸ்திரி" என்றேன்.

"நான் சொன்னா, ஒன் கம்பி மேல எனுக்கு வயித்தெரிச்சல்னு நெனைப்பானுங்க. நீ போ."

"நான் கீழ போனதே இல்லீங்க."

"தெரியும்" என்றார். பிறகு தான் கூர் வைத்து அடுக்கியிருந்ததிலிருந்து பதினேழு ஜம்பரை எடுத்து ரெண்டு ஆட்கள் தோளில் ஏற்றினார். "வெறுங்கையோட போவாத. ஒருத்தன் கையில இருந்து ஒண்ண வாங்கினா, அங்கியே இன்னொண்ண வெச்சிட்டு வா." அவர் எனக்குச் சொன்னதிலேயே பெரிய வார்த்தை இதுதான் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

கேஜில் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கௌரிக்குச் செய்த சத்தியம் எந்த ஆழத்தில் உடைந்தது என்று எனக்குத் தெரியாது. இறங்கின இடத்தில் அனலும் புழுக்கமும். தொப்பியில் களிமண்ணால் ஒட்டிய மெழுகுவத்தியோடு ஒரு ஆள் முன்னே நடந்தார்.

முதல் ஜோடியிடம், "கம்பியில ஏதோ கோளாறாம், மாத்திக் குடுக்கச் சொன்னாங்க" என்றேன். இல்லை என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். ரெண்டாவது இடத்துக்குப் போகும்போதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. கோளாறாம், சொன்னாங்களாம். அங்கே நேராகச் சொன்னேன். "நான் சுட்டது தப்பு. அதனால சவுரி கண்ணுல அடிபட்டுடுச்சி. ஒங்களுக்கும் படும். குடுத்துடுங்க." ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, கல்லிடுக்கிலிருந்து மூன்றை எடுத்து நீட்டினார்கள். திரும்பி முதல் ஜோடியிடம் போய் அதையே சொன்னேன், அவர்களும் கொடுத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு இடமாக அதே நாலு வார்த்தை. சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. பதினாறு சேர்ந்தது. ஒன்று பாக்கி.

லெவல் என்கிற அந்தச் சுரங்கப் பாதையின் கடைசியில் கோவிந்தன் இருந்தான். சம்மட்டி அடிப்பதில் பேர்போனவன். அவன் கூட்டாளி கம்பி பிடிப்பவன். வேட்டு வைக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, அவர்கள் துளை இன்னும் பாதிதான் இறங்கியிருந்தது.

"எங்கிட்ட இல்ல டைலரே" என்றான். துளையிலேயே நின்றுகொண்டிருந்தது கம்பி. அதன் வாலில் ரெண்டு வெட்டு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவனும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டான்.

"சவுரி கோணலாப் புடிச்சிருப்பான்யா. அதுக்குப் போயி ஒன் கம்பி மேல பழியப் போட்டுக்கிறியா? காலைலேர்ந்து இது ஒண்ணுலதான் பாறையே எறங்குது. இந்த மாதிரி கம்பி நான் பாத்ததில்ல."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி அது எனக்கு இனித்தது. சவுரிதான் கோணலாகப் பிடித்திருப்பானோ? அந்த நினைப்பு வந்ததே, அதற்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு. விளக்கு வைத்ததற்காகக்கூட என்னை மன்னித்துவிட்டேன்.

கோவிந்தனின் கூட்டாளியை நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் மண்டி போட்டேன். ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்தேன். முகத்துக்கும் முனைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"சரி, அடி. நான் புடிக்கிறேன்."

"இன்னா வெளயாட்டு இது?"

"நல்ல கம்பின்னு நீதான சொல்ற. அடி."

சம்மட்டியைத் தூக்கினான். நான் கண்ணை மூடவில்லை. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தூக்கிய சம்மட்டியைக் கோவிந்தன் மெதுவாகத் தரையில் இறக்கினான். என் கையை விலக்கிவிட்டுக் கம்பியைத் துளையிலிருந்து தானே உருவினான். "எடுத்துக்கினு போய்யா" என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மேஸ்திரியின் கம்பியை அவனிடம் வைத்துவிட்டு வந்தேன்.

இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுத்த முட்டாள்தனம். அவன் அடித்திருந்தால் ரெண்டு குடும்பம் கெட்டிருக்கும். வேறு வழி எனக்கு அப்போது தெரியவில்லை என்பதுதான் உண்மை. உங்களுக்குத் தெரிந்தால் அதைச் செய்யுங்கள்.

மேலே வந்து இருபத்துமூன்றையும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். ஒன்பது சாம்பல் மாதிரி நைசாக, நல்ல பதத்தில்தான் இருந்தன. மற்றதெல்லாம் உப்புப் பரல். கோவிந்தனிடமிருந்து வந்தது எதில் சேர்த்தி என்று கலந்துபோனதில் தெரியாமலே போயிற்று. காப்டன் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடத்தான் இருந்தார். மேஸ்திரி, "வெளக்கும் இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும் தொர" என்று சொல்லி, விளக்கைக் கழற்றி வாசலில் சாணைக்கல்லுக்கு மேல் மாட்டினார். அங்கே அது ரொம்ப உபயோகமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கௌரி என் வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். "கீழ போனியா?" என்றாள். போனேன் என்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, சட்டியில் இருந்ததைத் தூக்கு வாளியில் போட்டுக்கொண்டு ஞானம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். ஞானம்மா என்னைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. அது ஒரு மாதம் நீடித்தது.

சவுரியின் இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது, உருவம் தெரியவில்லை. அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறையில் என் கம்பிகள் அடுக்கினது அடுக்கினபடி கிடந்தன. கீழே போகிறவர்கள் இப்போதும் ரெண்டு வெட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பொறுக்கினார்கள், ஒதுக்குவதற்கு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தையலுக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால், என் மெஷினுக்கு அதற்குள் என்னைவிட நல்ல தையல்காரி கிடைத்திருந்தாள். தினமும் போய், இருட்டில் உட்கார்ந்து, யாரும் எடுக்காத கம்பிகளை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்.

ரெண்டு மாதம் கழித்து ஒரு காலையில் சவுரி வேலைக்கு வந்தான். தோளில் மழுங்கிய ஜம்பர் நாலு. பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் இருப்பது மேஸ்திரியின் உலை. மேஸ்திரி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். சவுரி அவரைத் தாண்டி வந்து நாலையும் என் முன்னால் போட்டான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மேஸ்திரிகிட்ட குடு சவுரி."

"அவருகிட்ட குடுக்கணும்னா அங்கியே போட்டிருக்க மாட்டனா? சீக்கிரம் அடி, கேஜ் போயிடும்."

பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு இருந்தது ஒரு கண். இன்னும் அரைமணி நேரத்தில் அந்தக் கண்ணுக்கு எதிரில் இந்தக் கம்பிகளைத்தான் பிடிக்கப்போகிறான். எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைத்துத் துடைத்து இரும்பின் நிறத்தைப் பார்த்தேன். அவன் ஏதோ அவன் வீட்டுக் கோழி அடைகாப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நாலையும் முடித்து ஆறவைத்து வரிசையாக வைத்தேன். கம்பி வாங்குகிற எவனும் கட்டைவிரலால் ஒரு தடவை முனையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான், அண்ணன் தம்பி செய்ததாக இருந்தாலும் சரி. சவுரி தடவிப் பார்க்காமலே நாலையும் தோளில் போட்டுக்கொண்டு கேஜை நோக்கி நடந்தான்.